அப்பா வீட்டில் இருந்த பதினோரு மாதங்கள்

“அப்போ இது யாரோட கையெழுத்து?”

“அப்பாவோடது.”

“இது?”

“அதுவும் அப்பாவோடதுதான்.”

“அப்ப ரெண்டாம் பக்கத்துல என்ன எழுதியிருக்கே நீ? அப்பா பதினோரு மாசம் வீட்டுலயே இல்லைன்னு. இல்லாத மனுஷன் மாசா மாசம் எப்படிம்மா கையெழுத்துப் போட்டாரு? கை மட்டும் தனியா வந்து போட்டுட்டுப் போச்சா?”

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அந்த அக்காவின் பெயர் கதவுக்கு வெளியே பலகையில் இருக்கிறது. ஆனால் ஆறு வருடமாக நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேசையின் இடது ஓரத்தில் ஒரு இரும்புத் தாங்கியில் பன்னிரண்டு ரப்பர் முத்திரைகள் தலைகீழாகத் தொங்கும். பார்க்காமலேயே கையை நீட்டி வேண்டியதை எடுத்துக் குத்துவார். அதனால் அவர் சீல் அக்கா. இப்போது அவருக்கு முன்னால் என் கோப்பு விரிந்து கிடந்தது. கடைசி வருடத்து மாதாந்திர மதிப்பெண் அட்டைகள் பதினொன்றையும் சீட்டுக்கட்டு போல வரிசையாகப் பரப்பியிருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற இடத்தில் நீல மையில் அப்பாவின் கையெழுத்து இருந்தது.

அட்டைகளுக்குப் பக்கத்தில் நான்கு பக்க விண்ணப்பம். குடும்பத்தில் நேர்ந்த இடரால் தேர்வில் பின்தங்கிய மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் சிறப்புப் பரிசீலனைக்கானது. என்ன இடர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அது படிப்பை எப்படிப் பாதித்தது, ஆதாரம் என்ன என்று கேட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் பள்ளி சான்றளிக்க ஒரு கட்டம். வானிலை அறிவியல் சொல்லித்தருவது அந்த ஒரு பல்கலைக்கழகம்தான். அதற்கு எனக்கு ஒன்பது மதிப்பெண்கள் குறைவு. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் விண்ணப்பம் பள்ளியிலிருந்து போயாக வேண்டும். அன்று புதன்.

“நான்தான் போட்டேன்” என்றேன்.

“எது?”

“பதினொண்ணும்.”

சீல் அக்கா கண்ணாடியைக் கழற்றினார். கோப்பின் அடியிலிருந்து, ஆறு வருடத்துக்கு முன் என்னைச் சேர்த்தபோது அப்பா கையெழுத்திட்ட பழைய படிவத்தை உருவி, அட்டை ஒன்றின் பக்கத்தில் வைத்தார். குனிந்து பார்த்தார். மறுபடியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அசலை விட இதுதான் தெளிவா இருக்கு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இது தெரிஞ்சா பெரியம்மா என்னைச் சும்மா விடமாட்டாங்க” என்றார். பெரியம்மா என்றது தலைமையாசிரியரை. “உன்னை இல்ல, என்னை. மாசா மாசம் சரிபார்த்து வாங்கினவ நான்தானே.”

அம்மா எழுதித் தந்தால் போதாதா என்று கேட்டேன். அக்கா தலையை ஆட்டினார்.

“அம்மா எழுதலாம். ஆனா பதினோரு கையெழுத்து ஃபைல்ல உக்காந்துக்கிட்டு அவரு இருந்தாரு இருந்தாருன்னு சொல்லுதே. அவரே எழுதணும். ‘இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் நான் வீட்டில் இல்லை, இவை என் கையெழுத்துகள் அல்ல.’ ஒரு வரி. அது வந்தா பெரியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். திட்டுவாங்க, வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு. இது போனா யுனிவர்சிட்டிக்காரங்க சும்மா இருக்கமாட்டாங்க. அப்பா வேலை பாக்குற இடத்துக்கு ஒரு கடிதம் போட்டு, நிஜமாவே இந்த ஆளு அப்ப இல்லையான்னு கேப்பாங்க. அதுல பிரச்சினை ஒண்ணும் இல்லையே?”

பிரச்சினையே அதுதான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு கட்டடங்கள், எட்டு மாடிகள், நான்கு லிஃப்டுகள் கொண்ட ஒரு குடியிருப்பை அவர் பார்த்துக்கொள்கிறார். அதற்காகத் தரைத்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மெக்கானிக் அங்கேயே குடியிருக்க வேண்டும், எந்த நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. மெக்கானிக் இல்லையென்றால் அறைகளும் இல்லை. கடைசி வருட வகுப்புகள் தொடங்கிய முதல் வாரத்தில் அப்பா ஒரு சின்னப் பையோடு வெளியே போனார். தேட வேண்டாம் என்று அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. சண்டை எதுவும் நடக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட என் மேசை விளக்கின் ஸ்விட்சைச் சரிசெய்து கொடுத்திருந்தார். நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் ஒருவர் வீட்டை விட்டுப் போவதற்கு முன்னால் ஏதாவது ஒரு அத்தியாயத்தில் அதற்கான அறிகுறி இருக்கும். எங்கள் வீட்டில் அந்த அத்தியாயத்தை யாரோ எழுத மறந்துவிட்டார்கள் என்று அப்போது நினைத்தேன்.

அம்மா அழுதது ஒரே ஒரு நாள். இரண்டாம் நாள் காலை அப்பாவின் சட்டைகள் இரண்டை நனைத்து வெளிக் கொடியில் போட்டாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்பவள் அவள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் விரிப்புகளைப் பார்க்கிறவளுக்கு, ஈரத்துணி என்ன சேதி சொல்லும் என்று தெரிந்திருந்தது. அதன் பிறகு வாரத்துக்கு மூன்று முறை யாரும் போடாத அந்தச் சட்டைகள் துவைக்கப்பட்டன. யாராவது அப்பா எங்கே என்று கேட்டால் அம்மாவிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, “மேல மோட்டார் ரூம்ல இருக்காரு.” இன்னொன்று, “இப்பதான் ஸ்பேர் வாங்கப் போனாரு.” எது முதலில், எது பிறகு என்று எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தோம். தொடர்ந்து இரண்டு முறை ஸ்பேர் வாங்கப் போகக் கூடாது.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அம்மாவின் தம்பி, ஒரு தொழிற்சாலையில் வயரிங் ஆள். “மருமகளே, லிஃப்ட்ல ஏறினாலே கண்ணை மூடிக்கிற ஆளு நான். என்னைப் போயி அதுக்கு வைத்தியம் பாக்கச் சொல்றீங்களே” என்று சொல்லிக்கொண்டேதான் கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே போவார். ஆனால் வேலையைச் சுத்தமாகச் செய்வார். பிரேக்கைப் பார்ப்பார், கயிறுகளைப் பார்ப்பார், புரியாததை அவர் தொழிற்சாலையில் யாரிடமாவது கேட்டு வந்து அடுத்த வாரம் செய்வார். வானிலை அறிவியல் என்று நான் சொன்னபோது, “மழை வருமான்னு ஜன்னலைத் திறந்து பாத்தா தெரியுது. அதுக்கு நாலு வருஷமா?” என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறு எனக்கு ஒரு பழைய காற்றழுத்தமானி கொண்டுவந்தார். அதன் முள் எப்போதும் ஒரே இடத்தில் நின்றது.

மற்ற ஆறு நாளும் நான்தான். மின்சாரம் போனாலோ, கதவு கோளாறானாலோ லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடும். அந்தக் கட்டடத்து மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஓட வேண்டும். மெயினை அணைக்க வேண்டும். பிரேக் நெம்புகோலை ஒருவர் பிடித்துத் தளர்த்த, இன்னொருவர் கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கயிற்றில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு உண்டு. அந்தக் கோடு இரும்புச் சட்டத்துக்கு நேராக வந்ததும் நிறுத்த வேண்டும். சின்ன வயதில் அப்பாவோடு நின்று பார்த்தது. அம்மா நெம்புகோலைப் பிடிப்பாள், நான் சுற்றுவேன். பிறகு நான் கீழே ஓடிவந்து சாவியால் கதவைத் திறந்து, “அப்பா மேல இருக்காரு, சரியாயிடுச்சு” என்பேன். வெளியே வருகிறவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அப்பாவிடம் நன்றி சொல்லச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

சனிக்கிழமைதோறும் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதி அப்பாவின் கையெழுத்தைப் போட வேண்டும். மாதம் ஒரு முறை சங்கச் செயலாளர் அதை வாங்கிப் பார்ப்பார். முதல் முறை அம்மாதான் போட்டுப் பார்த்தாள். அப்பாவுடையது மாதிரி வரவில்லை. “நீ படிச்ச பொண்ணு, நீ போடு” என்று பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டாள். பழைய பக்கங்களைப் பார்த்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பழகினேன். அந்தக் கையெழுத்து வந்துவிட்டதால், பள்ளி அட்டையிலும் அதையே போட்டேன். அம்மாவின் கையெழுத்தையே வாங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் அதே குடியிருப்பில் இருந்தார்கள். திடீரென்று அம்மா கையெழுத்துப் போட ஆரம்பித்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்று பயம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது.

கணக்குத் தேர்வு அன்று காலை எட்டே முக்காலுக்கு, நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் கட்டடத்து லிஃப்ட்டின் அபாய மணி அடித்தது. ஐந்தாம் மாடிப் பெரியவர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். இதய நோயாளி. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். மாமாவுக்குப் போன் போகவில்லை. தனியாக மேலே ஏறினேன். நெம்புகோலைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு மஞ்சள் கோடு வருவதற்கு, சக்கரத்தை எத்தனை முறை சுற்ற வேண்டும் என்று அன்றைக்குத்தான் எண்ணினேன். தேர்வு அறைக்குள் நுழைந்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். பஸ் என்றேன். அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள், சீல் அக்காவின் கோப்பில் இருக்கிறது.

தேர்வுகள் முடிந்து மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், அப்பா வந்தார். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கொடியிலிருந்து தன் சட்டை ஒன்றை எடுத்து, போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு, அதைப் போட்டுக்கொண்டார். உள்ளே போய் முகம் கழுவினார். அம்மா வந்து பார்த்து ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றாள். பிறகு சாப்பாட்டுக்கு மூன்று தட்டுகள் வைத்தாள். கேள்வி எதுவும் அந்த வீட்டில் எழவில்லை. அப்பா சொன்னதும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் இரண்டு நாள் கழித்து, யாரையும் பார்க்காமல்: “நான் இருந்த ஊர்ல லிஃப்ட்டே கிடையாது. எல்லாமே தரையோட தரையா இருந்துச்சு.” அம்மா, “ம்” என்றாள். அதோடு முடிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் விண்ணப்பத்தைக் காட்டினேன். சலவைச் சோடாவில் வெடித்த விரல்களால் ஓரத்தை மட்டும் பிடித்துப் படித்தாள்.

“எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு எழுது” என்றாள்.

“ஆஸ்பத்திரி சீட்டு வேணும்மா.”

“நாளைக்கே போயிப் படுத்துக்கிறேன். அங்கதானே வேலை பாக்குறேன். நான் துவைச்ச விரிப்புலயே படுத்துட்டு வரேன்.”

“போன வருஷத்துச் சீட்டும்மா.”

பக்கத்து அறையில் அப்பா திருகுகளை அளவு வாரியாகப் பிரித்து டப்பாக்களில் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால் அவள் முகம் லேசாகத் திரும்பும். மறுபடி கேட்டால் பழைய நிலைக்கு வரும். இரண்டு மாதமாக அவள் அப்படித்தான் இருந்தாள்.

“அவரு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது” என்றாள் மெதுவாக. “அவருகிட்ட போயி நீங்க இல்லைன்னு எழுதிக் குடுங்கன்னு கேப்பியா நீ?”

“ஒன்பது மார்க்குதாம்மா.”

“தெரியுதுடீ. எனக்குத் தெரியாதா, அந்த மார்க்கை நீ எங்க விட்டேன்னு. மோட்டார் ரூம்ல நானும் உன்கூட நின்னவதானே.” காகிதத்தை மடித்து என் கையில் திருப்பி வைத்தாள். “நீ கேக்குற. அவரு எந்திரிச்சுப் போயிடறாரு. அப்ப அதை எந்த ஃபாரத்துல எழுதுவே?”

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், கோபப்பட்டிருப்பேன். அன்று படுத்துக்கொண்டு எல்லா வழிகளையும் யோசித்தேன். அடுத்த வருடம் மறுபடி எழுதலாம் என்றால், விதிப்படி ஒரு முறைதான். வேறு படிப்பு எடுக்கலாம். நான் படித்த நாவல்களில் முதல் பக்கத்திலேயே யாராவது ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஆளின் துயரத்தைவிட அந்த மேகம் ஏன் அங்கே வந்தது என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. இதை விண்ணப்பத்தில் எழுத முடியாது. எழுதினாலும் அதற்குக் கட்டம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மொட்டைமாடிக்குப் போனேன். அப்பா மோட்டார் அறையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் பராமரிப்புப் பதிவேடு. கைகள் இரண்டிலும் முழங்கை வரை கிரீஸ். நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

“நாலாம் நம்பர் லிஃப்ட்டுல கயிறு சத்தம் போடுதுன்னு எழுதியிருக்கே” என்றார்.

அந்தப் பதினோரு மாதம் இங்கே நடந்ததைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“ஆமாப்பா.”

“அது கயிறு இல்ல. பெட்டிக்குப் பக்கவாட்டுல தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போற கட்டை தேஞ்சிருக்கு. மாமாவுக்கு அது தெரியாது.” பக்கத்தைத் திருப்பினார். “ஆனா சத்தம் வருதுன்னு கண்டுபிடிச்சியே, அது சரி.”

பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். நான் எழுதிய சனிக்கிழமைகள் வரிசையாக ஓடின. அவற்றுக்குப் பிறகு, அவர் வந்த பின் எழுதிய எட்டு சனிக்கிழமைகள். எங்கே நான் முடிகிறேன், எங்கே அவர் தொடங்குகிறார் என்று தெரியவில்லை. பிறகுதான் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்தில் கடைசிச் சுழி கீழே இறங்கும். ஆறு வருடத்துக்கு முந்தின படிவத்திலும் அப்படித்தான் இருந்தது. என் கை பழகியபோது அது மேலே ஏறிவிட்டது. திரும்பி வந்த பிறகு அவர் போட்ட எட்டுக் கையெழுத்துகளிலும் சுழி மேலே ஏறியிருந்தது. என்னுடையதைப் பார்த்து அவர் போட்டிருந்தார்.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“செயலாளர் கண்ணுல ரெண்டு ஆளு மாதிரி தெரியக் கூடாதில்ல” என்றார்.

பிறகு இன்னொரு பக்கத்தில் விரலை வைக்காமல், சற்று மேலேயே நிறுத்திக் காட்டினார். “இந்தத் தேதியில, ‘தடை நீக்கப்பட்டது, காலை 8.50 முதல் 9.25 வரை’ன்னு இருக்கு. முப்பத்தஞ்சு நிமிஷம் ஏன் ஆச்சு? ரெண்டு பேரு இருந்தா பத்து நிமிஷம்.”

“அம்மா வேலைக்குப் போயிட்டாங்க.”

“தனியாவா?”

“ம்.”

“பிரேக்கை யாரு பிடிச்சா?”

தோளைத் தொட்டுக் காட்டினேன். அப்பா அந்தத் தோளைப் பார்த்தார். இப்போது ஒன்றும் இல்லை, அப்போது இரண்டு வாரம் நீலமாக இருந்தது. பிறகு நெம்புகோலைப் பார்த்தார்.

“அன்னைக்குக் கணக்குப் பரீட்சைப்பா” என்றேன்.

அறையில் இரண்டு மோட்டார்களும் நின்றிருந்தன. தகரக் கூரை வெயிலில் சின்னதாகப் படபடத்தது. பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன். அதன் மேல் சீல் அக்கா கொடுத்தனுப்பிய வெள்ளைத்தாள் ஒன்று இருந்தது, மேலே தேதி மட்டும் போட்டு. இரண்டையும் நீட்டினேன். ஒன்பது மதிப்பெண்கள் என்று சொன்னேன். பள்ளியில் கேட்டதைச் சொன்னேன். சங்கத்துக்குக் கடிதம் வரும் என்பதையும் சொன்னேன், அதை மறைக்கக் கூடாது என்று படி ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். அவர் வேலை போகலாம், கீழே இருக்கும் இரண்டு அறைகளும் போகலாம், இத்தனை பேர் ஏறி இறங்கும் லிஃப்ட்டை ஒரு பள்ளிக்கூடப் பெண் பார்த்துக்கொண்டாள் என்று தெரிந்தால் அவர் உரிமமும் போகலாம். அதெல்லாம் அவருக்கு நான் சொல்லாமலே தெரியும். ஆனாலும் சொன்னேன். அம்மா பயப்படுவதை மட்டும் சொல்லவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு லிஃப்ட்டின் சத்தத்தைக் கேட்பது போலத் தலையைச் சற்றுச் சாய்த்து.

“‘இந்தப் பதினோரு மாசம் நான் வீட்டுல இல்ல.’ இவ்வளவுதாம்ப்பா. இதை மட்டும் எழுதித் தரீங்களா?”

கீழே ஏதோ ஒரு மாடியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இரண்டாம் மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது, கயிறுகள் ஓட ஆரம்பித்தன. பேசினால் கேட்காது. அப்பா காகிதத்தை வாங்கி, கிரீஸ் படாமல், இரண்டு ஓரங்களையும் விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டிருந்தார். மோட்டார் நின்றது. கயிறு இறங்கும் துளை வழியாக, தூரத்தில் ஒரு கதவு திறந்து யாரோ வெளியேறும் சத்தம் வந்தது. அவர் இன்னும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், நடுவில் இருந்த வெள்ளையைத் தொடாமல்.